சிறிய எஞ்சின்களின் எரிபொருளில் நீரும் தூசும்

மைசூர் நகரின் யாதவகிரிப் பகுதியிலிருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள்களை உற்பத்தி செய்து, 1996-இல் மூடப்பட்டது. ஜாவா, யெஸ்டி என்னும் பெயர்களைத் தாங்கிய அவ்வண்டிகளிற் பல இன்றும் அந்நகர வீதிகளில் ஓடக் காணலாம். இவை டூ-ஸ்ட்ரோக் என்று பட்டறைகளில் வழங்கும் இருவீச்சு எஞ்சின் உடையவை. இவற்றில் மசகெண்ணெய் பொதுவாகப் பெட்ரோலுடனேயே கலந்து ஊற்றப்படுகிறது. வயல்களிற் பயன்படும் விசைத்தெளிப்பான்கள், புல்வெட்டும் கருவிகள் ஆகியவற்றுள்ளும் பல இம்முறையில் இயங்குவனவே. பெட்ரோலிற் புகும் நீர் இத்தகைய எஞ்சின்களுக்கு இழைக்கும் தீங்கு பிற எஞ்சின்களுக்கு இழைப்பதினும் பெரிது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

தூசைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. கார்ப்யூரேட்டரின் முதன்மை ஜெட் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ளது; மெதுவோட்ட ஜெட்டின் துளை அதிற் பாதியே இருக்கும். டாங்கியின் உட்புறத் துருவிலிருந்து உதிரும் ஒரு துணுக்கே அதனை அடைக்கப் போதும். பித்தளைக் கம்பிவலை இதற்குத் தக்க காப்பாகும். ஆயினும் வடிகட்டி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நல்லது என்று கருதுவது தவறு. டாங்கி கார்ப்யூரேட்டருக்குக் கால் மீட்டர் உயரத்தில் இருப்பின், பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பம்பு உள்ள கார்களுக்கென ஆக்கப்பட்ட காகித வடிகட்டியை இங்கே பொருத்தினால், ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமற் போகலாம்.

நீரின் செய்தி வேறு. பெட்ரோலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஆதலின் நீர்த்துளிகள் கீழே இறங்குகின்றன. இறங்கும் வேகம் துளியின் விட்டத்தினது இருபடியைப் பொறுத்தது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி பெட்ரோலில் நொடிக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இறங்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் துளிக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். அதே நுண்துளி டீசலில் ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும். டீசல் பீப்பாயை அசைக்காமல் ஓரிரவேனும் வைத்திருக்க வேண்டும் என்னும் பழைய வழக்கம் பொருளற்றதன்று.

பெட்ரோல் குழாய்த் திறப்பின் அடியிலுள்ள சிறு கிண்ணமும் இத்தத்துவத்தையே பயன்கொள்கிறது. ஆறு மில்லிமீட்டர் குழாயில் வரும் பெட்ரோல் முப்பது மில்லிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தில் நுழையும்போது அதன் வேகம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நீரும் துருவும் அங்கே தங்கிவிட, தெளிந்த பெட்ரோல் வலைவழியே மேலேறிச் செல்கிறது.

இவ்வளவும் பெட்ரோலில் எத்தனால் கலவாத காலத்துக்கு முற்றிலும் பொருந்தின. இந்தியாவில் எத்தனால் கலப்பு 2022-இல் பத்து சதவீதத்தை எட்டியது. இருபது சதவீதக் கலவை 2023 பிப்ரவரி முதல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் பெட்ரோலோடும் நீரோடும் ஒருங்கே கலக்க வல்லது. பத்து சதவீதக் கலவை, பதினைந்து டிகிரி வெப்பநிலையில், தன் கன அளவில் ஏறத்தாழ அரை சதவீதம் நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கரைந்த நீரைக் கிண்ணமும் பிடிக்காது, வலையும் பிடிக்காது. எல்லை கடந்தாலோ, நீர் தனியே பிரிவதில்லை. எத்தனாலின் பெரும்பகுதியையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. குளிர்ந்த இரவில் இவ்வெல்லை மேலும் குறையும்.

ஆசிரியர்கள் இதனைத் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், தாமே செய்து காட்டலாம். மாணவர் கையில் ஒப்படைக்கலாகாது. 100 மில்லிலிட்டர் அளவுகோல் இட்ட கண்ணாடி உருளையில் 10 மில்லிலிட்டர் நீரும் 90 மில்லிலிட்டர் பெட்ரோலும் இட்டு, மூடி, மெல்லக் கலக்கி, மூடியைச் சற்றுத் தளர்த்தி ஆவியை வெளிவிட்டு நிறுத்துக. எத்தனால் இல்லையேல் பிரிகோடு 10-இலேயே நிற்கும். இருபது சதவீதக் கலவையாயின் அது 25-ஐ ஒட்டி எழும். கண்ணாற் காண்பதற்கு இதனினும் எளிய சோதனை இல்லை.

இனி, இருவீச்சு எஞ்சினின் நிலையைக் கருதுக. எண்ணெய் பெட்ரோலில் நன்கு கரையும். நீரும் எத்தனாலும் சேர்ந்த கீழடுக்கில் அநேகமாகக் கரைவதில்லை. டாங்கியின் அடியிலிருந்தே குழாய் பெட்ரோலை எடுப்பதால், முதலிற் செல்வது எண்ணெயற்ற இக்கீழடுக்கே. பெரும்பாலும் எஞ்சின் இயங்காமலே நின்றுவிடும், அது நற்பேறு. தட்டுத்தடுமாறி இயங்கினால் பிஸ்டன் எண்ணெயின்றி உராய்ந்து, சூடேறி, சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். கார்ப்யூரேட்டரைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் குறைவு என்று பழிகூறி, அதே டாங்கியிலிருந்து மீண்டும் ஓட்டுவது அடிக்கடி நிகழும் பிழையாகும்.

நீர் எவ்வழி வருகிறது? காற்றின் ஈரம் டாங்கியில் பனித்து நீராகிறது என்று பலர் கூறுவர். முப்பது டிகிரியில் ஈரம் நிறைந்த பத்து லிட்டர் காற்றில் உள்ள நீர் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. பத்து லிட்டர் கலவை பிரிவதற்கு ஏறத்தாழ ஐம்பது மில்லிலிட்டர் வேண்டும். எனவே குற்றவாளி பெரும்பாலும் மழையே. மைசூர்ப் பகுதியில் மே மாத இடிமழையிலும் அக்டோபர் மழையிலும் வெளியே நிறுத்திய வண்டியின் மூடியைச் சுற்றி நீர் தேங்கி, தேய்ந்த ரப்பர் வளையத்தின் வழியே இறங்குகிறது. கழுவி உலராத டப்பாவும், மழையில் நிமிர்த்தி வைத்த பீப்பாயும் அடுத்தவை. பீப்பாயைச் சாய்த்து, அதன் இரு அடைப்புகளும் நீர் தேங்காத பக்கத்தில் அமையுமாறு வைத்தல் வேண்டும்.

ஐயம் தோன்றினால் குழாயிலிருந்து சிறிது பெட்ரோலைத் தெளிந்த கண்ணாடிக் குப்பியில் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க. கலங்கலோ இரட்டை அடுக்கோ தெரிந்தால் கீழடுக்கை மட்டும் வடித்துவிட்டு மேலுள்ளதைப் பயன்படுத்தலாம் என எண்ணலாகாது. எத்தனாலை இழந்த மேலடுக்கின் ஆக்டேன் மதிப்பும் குறைந்துவிட்டிருக்கும். டாங்கி, கிண்ணம், கார்ப்யூரேட்டர் மூன்றையும் முழுதும் காலிசெய்து, உலர்த்தி, புதிய பெட்ரோலில் எண்ணெயை உரிய விகிதத்திற் கலந்து ஊற்ற வேண்டும். ஊற்றுகையில் உலோகப் புனல் உலோகப் பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். பிளாஸ்டிக் புனலில் தோன்றும் நிலைமின்சாரப் பொறியே பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதும்.