மூடுபனி ஊரில் பிரைமர் அடிப்பவர்களுக்கு

ஜமுனாமரத்தூரில் கடற்கரை உப்புக்காற்று கிடையாது. ஆனாலும் இங்குள்ள பிக்கப் வண்டிகளின் கதவடியும் மட்கார்டு ஓரமும் துருப்பிடிக்கத்தான் செய்கின்றன. இரண்டு பருவமழையும் மலையை நனைக்கும், மார்கழி, தையில் பனி இறங்கும், தொட்டியில் புளியும் உர மூட்டையும் ஏறி இறங்கும். போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறக்கி பெயின்ட் கடையில் விட்டால் வண்டி நிற்கும் நாளெல்லாம் வருமானம் போச்சு. ஆகவே சின்ன வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் உண்டு. அது நல்ல முடிவுதான். ஆனால் பிரைமர் துருவைக் கொல்லும் என்ற நம்பிக்கையோடு தொடங்கக் கூடாது. சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்கும் தகட்டின்மேல் அடித்தால் அந்தத் தகட்டை அது காக்கும். துருவின்மேல் அடித்தால் துருவைத்தான் காக்கும்.

செய்ய வேண்டியவை

முதலில் துரு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கதவின் அடியில் கொப்புளம் தெரிந்தால் நோய் பெரும்பாலும் உள்பக்கம்தான். கதவடியில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். சேறும் சருகும் அவற்றை அடைத்துவிடும். கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடியில் வடியவில்லை என்றால் அந்தத் துளையைத் திறப்பதுதான் முதல் வைத்தியம். அதைச் செய்யாமல் வெளியே எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்புளம் எழும். பேட்டரி வைக்கும் தட்டு, கால்மிதிக்கு அடியில் உள்ள தரை, தொட்டியின் மூலைகள் ஆகியவற்றையும் தூக்கிப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கியிருந்தால் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெங்கும் ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் தடிமனான பட்டி இருக்கிறது. வண்டி கடலோரத்தில் ஓடியதா என்றும் விசாரியுங்கள். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இரும்பு அரிமானத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. கடற்காற்றின் உப்பு துருவை எவ்வளவு விரைவுபடுத்தும் என்பது அத்துறையின் அடிப்படைப் பாடம். உப்பு படிந்த தகட்டைத் தேய்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். குழிக்குள் தங்கும் உப்பு பிரைமருக்கு அடியிலிருந்தே ஈரத்தை இழுக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகு தேயுங்கள். வரிசை மாறினால் உப்புத்தாள் அந்தப் பிசுக்கைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

துருவைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை எடுங்கள். கம்பி பிரஷ் துருவின் தலையை மெருகேற்றிவிட்டு அடிக்குழியை அப்படியே விட்டுவிடும். 80ஆம் எண் தாளில் தொடங்கி 180க்கு வாருங்கள். கறுத்த புள்ளிகள் குழிக்குள் மிச்சமிருந்தால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி உதவும். ஆனால் கழுவ வேண்டுமா, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். கழுவாமல் விட்ட அமிலத்தின்மேல் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது.

இந்த மலையில் கவனமாகப் பார்க்க வேண்டியது நேரம். விடியற்காலையில் தகடு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கைக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் அதன்மேல் நிற்கும். தகட்டின் வெப்பம் பனி படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பூச்சுத் தொழிலின் பொது விதி. கருவி இல்லாதவர்கள் பத்து மணி வெயில் தகட்டைச் சூடாக்கும்வரை காத்திருங்கள், பிற்பகல் இரண்டு மணிக்குள் கடைசி கோட்டை முடியுங்கள். மாசி முதல் சித்திரை வரை இந்த வேலைக்கு நல்ல காலம். தேய்த்த தகட்டை அன்றைக்கே மூடிவிட வேண்டும். ஓர் இரவு திறந்து கிடந்தால் காலையில் மஞ்சள் படர்ந்திருக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். அதனால் ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பெயின்டை உரியுங்கள்.

வெறும் தகட்டின்மேல் முதல் கோட்டாக எபாக்சி பிரைமர் பூசுங்கள். அது தண்ணீரை எளிதில் உள்ளே விடாது, இரும்பை இறுகப் பிடிக்கும். ஸ்ப்ரே கன் இல்லையா? கதவின் உள்பக்கம், தொட்டி, அடிப்பாகம் போன்ற இடங்களுக்கு நல்ல பிரஷ் போதும். எபாக்சியையும் அதன் ஹார்டனரையும் கலக்கும் விகிதத்தைக் கண் அளவில் முடிவு செய்யாதீர்கள். அளவு போட்ட குவளை வாங்குங்கள். கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் வேலைக்கு முன் அதன் காற்றுத் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மலைக்காற்றின் ஈரம் முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கும்.

பட்டி வேண்டுமென்றால் எபாக்சிக்கு மேலே வையுங்கள். நேரடியாகத் தகட்டில் வைக்கும் மெக்கானிக்குகள் உண்டு, அப்படி வைக்கலாம் என்று எழுதிய டப்பாக்களும் உண்டு. ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். இவ்வளவு பனி இறங்கும் ஊரில் தகட்டுக்கும் பட்டிக்கும் நடுவே எபாக்சி இருப்பதையே நான் வற்புறுத்துவேன்.

பெயின்ட் வேலை முழுவதும் முடிந்த பிறகு கதவின் உட்குழிவில் துருத் தடுப்பு மெழுகைத் தெளியுங்கள். வடிதுளையை மட்டும் மூடிவிடாதீர்கள். உரமோ புளியோ ஏற்றி இறக்கிய அன்றே தொட்டியைக் கழுவுங்கள். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது, புளியில் அமிலம் இருக்கிறது. இரண்டும் கீறல் விழுந்த தகட்டைத் தேடிப் பிடிக்கும்.

செய்யக்கூடாதவை

துருவின்மேலும் உரியும் பழைய பெயின்டின்மேலும் பிரைமர் அடிக்காதீர்கள். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரும் வழியில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய பெரிய கண்ணாடிகளின் அலுமினியப் பூச்சு மங்கும்போது பழையதை முழுக்க நீக்கிக் கழுவி உலர்த்திய பிறகே புதிதாகப் பூசுகிறார்கள். நம் கதவுக்கு அத்தனை நுணுக்கம் வேண்டாம், ஆனால் அந்த வரிசை வேண்டும்.

சாம்பல் நிற சாதா பிரைமரோடு வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அதில் நுண்துளைகள் உண்டு. மழை அதற்குள் இறங்கி இரும்பைத் தொடும். மேல்பெயின்டுக்குப் பணம் சேரும்வரை வண்டி ஓடித்தான் ஆகவேண்டும் என்றால் எபாக்சியோடு ஓட்டுங்கள். வெயிலில் அதுவும் நாளடைவில் சுண்ணாம்பாக வெளுக்கும் என்பதால் அதையும் நீட்டிக்காதீர்கள்.

கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடைக் கதவில் அடித்து, அதன்மேல் கார் பெயின்ட் அடிக்காதீர்கள். கார் பெயின்டின் தின்னர் அடிப்பூச்சைச் சுருக்கிக் கிளப்பிவிடும்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். தூசி பறக்காது, வேலை வேகமாக நடக்கும் என்று பலரும் செய்வது இது. உறிஞ்சிய தண்ணீர் பெயின்டுக்கு அடியில் சிறைபட்டுக் கொப்புளமாகத்தான் வெளியேறும். முகமூடி போட்டுக்கொண்டு காய்ந்தபடியே தேயுங்கள்.

பெட்ரோலால் துடைக்காதீர்கள். அது பிசுக்கை விட்டுச் செல்லும், தீ ஆபத்தும் உண்டு. வீட்டு அடுப்புக்கும் சாமை வைக்கோலுக்கும் பக்கத்தில் தின்னர் டப்பாவைத் திறக்கவே கூடாது.

ஐசோசயனேட் கலந்த ஹார்டனர் சேர்க்கும் பிரைமரை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். துணி முகமூடி அதைத் தடுக்காது. ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் ஆஸ்துமாவாக நிலைக்கக்கூடும். அந்தக் கோட்டை பெயின்ட் கடைக்காரரிடம் விடுங்கள். எபாக்சிக்கும் கையுறையும், ரசாயன ஆவியைத் தடுக்கும் குப்பி பொருத்திய முகமூடியும் வேண்டும்.

அடிப்பாகத்தில் கழிவு எஞ்ஜின் ஆயிலை அடிக்காதீர்கள். ரப்பர் புஷ் ஊறிக் கெடும். சொட்டும் எண்ணெய் மழையோடு ஓடையில் கலக்கும். இந்த மலை ஓடைகள்தான் கீழே செய்யாறாகவும் கமண்டல நதியாகவும் வயல்களுக்குப் போகின்றன. துருவை எடுக்காமல் ரப்பர் அண்டர்கோட்டிங் அடிப்பதும் வேண்டாம். விரிசல் வழியே புகுந்த தண்ணீர் அதற்குள்ளேயே தங்கி, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்னும்.

திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும் இடத்தில் பட்டியோ பைபரோ வைத்து மூடாதீர்கள். அது கதவு என்றால் வெல்டரிடம் புதுத் தகடு வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ், ஸ்பிரிங் பிராக்கெட், சீட் பெல்ட் பொருத்திய இடம் என்றால் வண்டியில் ஆள் ஏற்றாமல் கீழே கொண்டுபோய்த் தேர்ந்த வெல்டரிடம் காட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் மொத்த எடையையும் தாங்குவது அந்த இரும்புதான்.