கணப்பின் மேல் ஓர் ஓவியம்

குளிர் மிகுந்த நாடுகளில் சுவரோடு சேர்த்துத் தீமூட்டும் அடுப்பை அமைப்பர். அதனைக் கணப்பு என்பர். கணப்பின் தலைப்பில் கல்லாலோ மரத்தாலோ ஆன பலகை ஒன்று நீண்டிருக்கும். குளிர்காய்வோரின் பார்வை இயல்பாகவே அதற்கு மேலுள்ள சுவரில் பதியும். ஆதலால் வீட்டின் சிறந்த ஓவியத்தை அங்கே மாட்டுவது மரபாயிற்று. வெப்பமும் புகைக்கரியும் ஓவியத்துக்குக் கேடு. எனினும் அவ்விடத்தை விட்டுக்கொடுக்க எவர்க்கும் மனம் வருவதில்லை!

இலண்டனில் பிரெடரிக் லேலண்ட் என்னும் கப்பல் வணிகர் வாழ்ந்தார். அவருடைய உணவறைக் கணப்பின் மேல் 'பீங்கான் நாட்டு இளவரசி' என்னும் ஓவியம் தொங்கியது. அதைத் தீட்டியவர் ஜேம்ஸ் விஸ்லர் என்னும் அமெரிக்கர். அறைச் சுவர்களைப் போர்த்தியிருந்த பழந்தோலில் சிவப்பு மலர்கள் இருந்தன. அவை தம் ஓவியத்தின் வண்ணங்களைக் கெடுப்பதாக விஸ்லர் கருதினார். சிறிது திருத்த இசைவும் பெற்றார். 1876ஆம் ஆண்டு, லேலண்ட் வெளியூரில் இருந்தபொழுது, அச்சிறு திருத்தம் அறை முழுவதும் பரவியது. விலையுயர்ந்த தோல் நீலப்பச்சை வண்ணத்துள் மறைந்தது. சாளரக் கதவுகளில் பொன்மயில்கள் தோகை விரித்தன.

விஸ்லர் 2,000 கினி கேட்டார். லேலண்ட் 1,000 பவுண்டு கொடுத்தார். கினி என்பது 21 ஷில்லிங். பவுண்டு 20 ஷில்லிங். கலைஞர்க்குக் கினியிலும் தொழிலாளர்க்குப் பவுண்டிலும் ஊதியம் அளிப்பது அக்கால வழக்கம். தொகை பாதியானதோடு, தம்மைச் சுவருக்கு வண்ணம் பூசுபவராக மதித்துவிட்டார் என்பதும் விஸ்லரைச் சுட்டது. கேளாமலே பிறர் பொருளை மாற்றிய பிழை அவருடையது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஓவியர் தம் சினத்தைத் தூரிகையால் வெளியிட்டார். இளவரசிக்கு எதிர்ச்சுவரில் இரு மயில்கள் போரிடுமாறு வரைந்தார். ஒன்றின் காலடியில் காசுகள் சிதறிக் கிடக்கின்றன. அம்மயில் யாரென்று லேலண்டுக்குப் புரியாதிருக்குமா? ஆயினும் அவர் அதனை அழிக்கவில்லை. 1892இல் இறக்கும்வரை அவ்வறையை அப்படியே வைத்திருந்தார்.

பின்னர் சார்லஸ் ஃப்ரீயர் என்னும் அமெரிக்கர் முதலில் ஓவியத்தையும், 1904இல் அறையையும் விலைக்கு வாங்கினார். பெயர்த்தெடுக்கப்பட்ட அவ்வறை இன்று வாஷிங்டன் நகரில், அவர் பெயர் தாங்கிய கலைக்கூடத்தில் உள்ளது. கணப்பின் மேல் இளவரசி நிற்கிறாள். எதிரே மயில்கள் இன்னும் போரிடுகின்றன.

சிந்தித்து எழுதுக:

1. பவுண்டில் ஊதியம் பெற்றதை விஸ்லர் இழிவாகக் கருதியது ஏன்?

2. லேலண்ட் அம்மயில்களை அழிக்காமைக்கு நீங்கள் கருதும் காரணம் யாது?