உடற்கொழுப்பும் கருதலளவையும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பது தமிழிலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்ததே. ஆகுபெயர்ப் பாடத்தில் இந்நான்கினையும் ஒப்பித்து மதிப்பெண் பெற்ற யான், இவற்றுள் எதனுள்ளும் அடங்காத ஓரளவை இந்நாளில் கடைத்தெருவிற்கு வந்துவிட்டதென்பதைச் சென்ற கோடை விடுமுறையிலேதான் அறிந்தேன். ஒருவன் உடலிலே கொழுப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் அளவையே அது.

எமதூர் நெய்வேலி. 1956-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டப்பட்ட நகரியம் அது. விடுமுறையில் ஒருநாட் காலை நண்பனொருவனுடன் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றிற்குச் சென்றேன். ஆண்டிருந்த இயந்திரத்தின் மேல் வெறுங்காலுடன் நிற்க, அஃது என் உடற்கொழுப்பு 17 விழுக்காடு என்றது. அன்று மாலையே ஒரு மருந்துக்கடை வாயிலில் வைத்திருந்த வேறோர் இயந்திரம் 24 விழுக்காடு என்றது. என் எடை 62 கிலோ. ஏழு விழுக்காடென்பது நான்கு கிலோவிற்கும் மேற்பட்ட கொழுப்பாகும். இடையே யான் உண்டதோ நான்கு தோசையும் ஒரு வேளைச் சோறுமே. நண்பன் நகைத்தான், யானும் நகைத்தேன்.

நகைத்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் எம் இல்லத்திலே இவ்வளவை செய்த தீங்கு ஒன்று நினைவிற்கு வந்தது. ஈராண்டுகட்கு முன் மருத்துவ முகாம் ஒன்றில் என் தந்தையார் இத்தகைய இயந்திரமொன்றின் மேல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 52. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 61 கிலோ. கையுங் காலும் மெலிந்தவர். வயிறு மட்டும் சற்றே முன் தள்ளியிருக்கும். இயந்திரம் 19 விழுக்காடு என்றது. பக்கத்தில் பச்சை மையால் ‘நன்று’ என்று அச்சிட்ட சீட்டும் தந்தது. “எனக்குக் கொழுப்பு இல்லை என்று சீட்டே கொடுத்துவிட்டார்கள்” என்று அவர் வீட்டில் வந்து சொல்ல, “அதற்கு இயந்திரம் எதற்கு? என்னைக் கேட்டிருக்கலாமே” என்றார் அன்னையார். தமிழில் அச்சொல்லுக்கு உள்ள மற்றொரு பொருளை எண்ணி யாமெல்லாம் மகிழ்ந்திருந்தோம். அச்சீட்டை நம்பி, அம்முகாமிலேயே அடுத்த மேசையில் நடந்த இரத்தப் பரிசோதனைக்கு அவர் நிற்கவில்லை. ஓராண்டு கழித்து, ஆறாத காற்புண் ஒன்றிற்காக மருத்துவரிடம் சென்றபோதுதான் அவருக்கு நீரிழிவு உண்டென்பது தெரிந்தது. அது பல திங்களாக இருந்திருத்தல் வேண்டுமென மருத்துவர் கூறினார்.

யான் விஞ்ஞான மாணவனல்லன். ஆயினும் இவ்வியந்திரங்கள் எவ்வாறு இவ்வெண்ணைப் பெறுகின்றன என்றறிய விழைந்து, பௌதிகம் பயிலும் விடுதித் தோழரைத் துணைக்கொண்டு சில நூல்களைப் புரட்டினேன். அறிந்தவற்றை என் போன்றோர்க்குப் பயன்படுமென ஈண்டு எழுதுகின்றேன்.

அளவை என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே மற்றொரு பொருளும் உண்டு. அறிவைப் பெறும் வாயிலையும் நம் முன்னோர் அளவை என்றனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதையில் அறவண அடிகள், கண்கூடாகக் காண்டலும் கண்டதைக்கொண்டு கருதலுமாகிய இரண்டையே அளவைகளாகக் கொண்டு விளக்குகின்றார். புகையைக் கண்டு நெருப்புண்டென்பது கருதலளவை. புகைபோலத் தோன்றுவதைப் புகையென மயங்கினால் நெருப்பைப் பற்றிய முடிபும் பிழையாம். இத்தகைய போலிகளையும் அக்காதை வகுத்துரைக்கின்றது. எமதூர்க்கு முதன்முறை வருவோர் அனல்மின் நிலையத்தின் பெருங்கோபுரங்களிலிருந்து எழும் வெண்படலத்தைக் கண்டு, “எவ்வளவு புகை!” என்பர். அது குளிர்விக்கும் கோபுரத்து நீராவி, நெருப்பு அங்கில்லை. புகையை விடுவன வேறு உயர்ந்த புகைபோக்கிகள்.

உடற்கொழுப்பளவு முற்றிலும் கருதலளவையே என்பதுதான் யான் கண்ட முதலுண்மை. உயிருள்ள மனிதனின் கொழுப்பை நேரே பிரித்தெடுத்து நிறுத்தவல்ல கருவி ஒன்றுமில்லை. எல்லாக் கருவிகளும் வேறெதனையோ அளந்து, அதினின்று கொழுப்பைக் கணக்கிட்டுக் கூறுகின்றன.

பழுப்பு நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். நெய்வேலிக் கரி தோண்டியெடுத்த நிலையில் ஏறக்குறையப் பாதி நீர். அந்நீரின் பங்கை அறிய வேண்டின், சோதனைச்சாலையார் ஒரு சிறு பகுதியை நிறுத்து, நீரின் கொதிநிலைக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் நிறை மாறாதுநிற்கும் வரை உலர்த்தி, மீண்டும் நிறுப்பர்; குறைந்தது நீர். பிறிதொரு பகுதியை முற்றும் எரித்து எஞ்சியதை நிறுத்தால் சாம்பலின் பங்கு தெரியும். இவையெல்லாம் காண்டல். உலர்த்தாத கரியிற் கண்ட சாம்பல் விழுக்காடும் உலர்த்திய கரியிற் கண்டதும் வேறாகலின், எந்நிலையில் அளந்தது என்று குறிப்பிடாத எண்ணை அவர் ஏற்பதில்லை. மனிதனை உலர்த்தவும் எரிக்கவும் இயலாது. ஆனால் எந்நிலையில் அளந்தது என்று கேட்கவாவது இயலும். அதனை நம்மில் ஒருவரும் கேட்பதில்லை.

கருதல் முறைகளுள் பழம்பெருமை உடையது நீரில் அமிழ்த்தி நிறுத்தல். ஆர்க்கிமிடிசு கண்ட நெறியே இது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே என்பாரும் அவர் துணைவரும் கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட 25 பேரை இவ்வாறு நிறுத்தனர். உயரத்திற்கேற்ற எடைப்பட்டியலின்படி அவருள் 17 பேர் மிகுஎடையினர், படைக்கு ஏலாதவர். நீரில் நிறுத்தபோதோ அவருட் பெரும்பாலோர் உடலில் கொழுப்பு மிகக் குறைவு, தசையே மிகுதி என்பது புலனாயிற்று. எடையொன்றையே கொண்டு உடலை மதித்தல் தவறென்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

எனினும் அம்முறையும் குறையற்றதன்று. 1961-இல் வில்லியம் சிரி என்பார் தந்த வாய்பாட்டின்படி, 495-ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்பு விழுக்காடு கிடைக்கும். அடர்த்தி 1.050 ஆயின் விடை 21.4, 1.055 ஆயின் 19.2. ஆயிரத்தில் ஐந்து பிறழ்ந்தால் விடையில் இரண்டு விழுக்காட்டிற்கு மேல் பிறழ்கின்றது. நுரையீரலில் தங்கிய மூச்சைச் சற்றே பிழைபட மதித்தாலும் இப்பிறழ்ச்சி நேரும். மேலும், கொழுப்பின் அடர்த்தி 0.9 என்றும் கொழுப்பல்லாத பகுதியின் அடர்த்தி 1.1 என்றும் அவ்வாய்பாடு கொள்கின்றது. எலும்பும் தசையும் நீரும் எல்லார்க்கும் ஒரே விகிதத்தில் அமைந்தாலன்றி இரண்டாவது எண் பொருந்தாது. மிகச் சில சடலங்களை ஆராய்ந்து பெற்ற எண்கள் இவற்றிற்கு அடிப்படை என்றறிந்தபோது எனக்கு வியப்புண்டாயிற்று.

இனி, கடைவாயிலில் நிற்கும் மின்னியந்திரத்திற்கு வருவோம். நாம் உணராத நுண்ணிய மின்னோட்டத்தை அஃது ஒரு பாதத்தின்வழிச் செலுத்தி மறு பாதத்தின்வழி வாங்குகின்றது. உப்புக் கலந்த உடல்நீர் மின்னை எளிதிற் கடத்தும்; கொழுப்பு தடுக்கும். ஆகவே அவ்வியந்திரம் அறிவது மின்தடையை மட்டுமே. தடையிலிருந்து நீரையும், நீரிலிருந்து கொழுப்பல்லாத உடற்பகுதியையும், அதனை எடையிற் கழித்துக் கொழுப்பையும் கருதுகின்றது: ஒன்றன்மேலொன்றாக மூன்று கருதல். கொழுப்பல்லாத பகுதியில் நூற்றுக்கு 73 பங்கு நீர் என்பது இக்கணக்கின் அடிநிலையில் உள்ள கொள்கை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவன் உடலில் 36.5 கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். 73 பங்கென்னும் கொள்கைப்படி அவன் கொழுப்பல்லாத பகுதி 50 கிலோ. கொழுப்பு 10 கிலோ, அதாவது 16.7 விழுக்காடு. அவன் உடலில் உண்மையில் நீர்ப்பங்கு 71 ஆயின் கொழுப்பு 14.3 விழுக்காடு, 75 ஆயின் 18.9. இயந்திரத்திற்கு இவ்வேறுபாடு தெரியாது. அன்றியும், அவன் சித்திரை வெயிலில் உழைத்து ஒரு லிட்டர் வியர்வை சிந்திவிட்டு வந்தானாயின், எடை 59, நீர் 35.5 ஆக, அதே கணக்கு 17.6 என்னும். ஒரு துளிக் கொழுப்பும் கூடவில்லை. கூடியதாகச் சீட்டு சொல்லும்.

பாதத்தின்வழிச் செல்லும் மின்னோட்டம் பெரும்பாலும் கால்களிலேயே ஓடித் திரும்புகின்றது. வயிற்றினுள் இருப்பதை அது சரிவரக் கண்டுகொள்வதில்லை. அக்குறையை நிரப்ப இயந்திரத்தார் வயது, உயரம், எடை, ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வாய்பாட்டிற் சேர்க்கின்றனர். இதனைச் சோதிக்கத் தோழரும் யானும் ஒரு சூழ்ச்சி செய்தோம். 19 என்னும் என் வயதை 45 என்று மாற்றிக் கொடுத்து உடனே மீண்டும் ஏறினேன். அதே கால், அதே தரை. கொழுப்பு மூன்று விழுக்காடு ஏறிவிட்டது! லேவியராகமத்திலே தராசும் நிறைகல்லும் நேர்மையாயிருக்க வேண்டுமென்னும் கட்டளை உண்டு. இங்கே கடைக்காரர் கள்ள நிறைகல் வைக்கவில்லை. தம் இயந்திரம் சொல்வதை அவரும் நம்புகின்றார். பிழை தராசிலன்று, தராசு அளக்காததை அளந்ததாகச் சொல்வதில் உள்ளது.

தோலை மடித்து இடுக்கியால் தடிப்பை அளக்கும் முறையும் உண்டு. டர்னின், உவோமர்சிலி என்னும் இருவர் 1974-இல் 16 முதல் 72 வரை வயதுள்ள 481 பேரை ஆராய்ந்து அதற்கு வாய்பாடு தந்தனர். பிடிக்குங் கை மாறினால் எண்ணும் மாறும். மருத்துவமனைகளில் உள்ள ‘டெக்சா’ என்னும் ஊடுகதிர்க் கருவி இவையனைத்தினும் மேலானது. ஆயினும் ஒரு கம்பெனியின் கருவி சொல்வதும் மற்றொரு கம்பெனியின் கருவி சொல்வதும் ஒத்திருப்பதில்லை.

வாய்பாடு யாரை வைத்து ஆக்கப்பட்டது என்பது நம்மவர்க்குத் தலையாய வினா. 2004-ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரையும் படமும் வெளிவந்தன. எழுதியோர் இருவர்: புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கின். இருவர்க்கும் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியெண் 22.3; அணுவளவும் வேறுபாடில்லை. கருவியில் அளந்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. இதனைப் படித்தவுடன் என் தந்தையாரின் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிட்டேன். 22.4 வந்தது! மெலிந்த தோற்றத்தினுள் கொழுப்பை மறைத்திருத்தல் இந்தியர் பலர்க்கு இயல்பு. அதனுள்ளும் வயிற்றின் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பே இன்சுலினின் செயலைத் தடுத்து நீரிழிவுக்கு வழிவகுப்பது. எடையையும் கால்களின் மின்தடையையும் கொண்டு கணிக்கும் இயந்திரம் அத்தகையோரை நோக்கி ‘நன்று’ என்பதில் வியப்பில்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் நாடெங்கும் 1,13,043 பேரை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிபும் இதற்கு இயைகின்றது. உடல் முழுதும் பருத்தவர் நூற்றுக்கு 28.6 பேர் எனின், வயிறு பருத்தவர் 39.5 பேர். எடை கொண்டு தேடின் அகப்படாதவர் பலரை இடுப்பளவு காட்டிக்கொடுக்கின்றது. இந்திய ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லையென்பர்.

அங்ஙனமாயின் இயந்திரத்தைத் தூர எறிந்துவிடலாமோ என்று தோழர் வினவினார். வேண்டா என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஐந்து நிமிடம் முன்னோக்கி ஓடும் கடிகாரமும், எப்போதும் ஐந்து நிமிடமே முன்னோடுமாயின், எத்தனை நேரம் படித்தோம் என்பதைச் சரியாகவே சொல்லும். ஒரே இயந்திரத்தில், காலையில் எழுந்து உண்ணாமுன் பருகாமுன், திங்கள்தோறும் ஒரேவகையாக ஏறிப் பல திங்கள் எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது ஒருவாறு தெரியும். ஒருநாள் எண்ணைக்கொண்டு மகிழவோ பட்டினி கிடக்கவோ கூடாது. இரண்டு மூன்று விழுக்காட்டு வேற்றுமையைப் பொருட்படுத்தவுங் கூடாது.

தையற்காரர் நாடாவோ நீட்டலளவை, காண்டலும் ஆகும். ஆனால் அதற்கும் முறையுண்டு. வேட்டி கட்டுமிடம் இடுப்பன்று. வயிறு தள்ளியவர் அதனை வயிற்றின்கீழ் இறக்கிக் கட்டி, இளமைக்கால அளவையே சொல்லிக்கொண்டிருப்பர். கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காது சுற்றி அளத்தல் வேண்டும்.

இவ்வாறு முதன்முறை அளந்தபோது தந்தையாரின் இடுப்பு 94 சென்டிமீட்டர் இருந்தது. மருந்தும், மாலை நடையும், இரவுச் சோற்றைக் குறைத்தலும் தொடங்கிய பின் அன்னையார் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்களையும் எழுதி வருகின்றார். நான்கு திங்களில் இயந்திரம் சொன்னவை 22, 25, 21, 23. நாடா சொன்னவை 94, 93, 92, 90. நாலாந் திங்களில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. பச்சை மையால் ‘நன்று’ என்றிருந்த அப்பழைய சீட்டு அந்நோட்டினுள் பக்க அடையாளமாக இன்றும் இருக்கின்றது.