கணினியைக் கட்டி மேய்ப்பது எப்படி?



கணினியைப் பயன்படுத்துவது வேறு, பராமரிப்பது வேறு. பராமரிப்பவரை சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பார்கள். யார் உள்ளே வரலாம், யார் எதைத் தொடலாம், வட்டில் இடம் இருக்கிறதா, கெட்டுப்போனால் எப்படி மீட்பது, எல்லாம் அவர் பொறுப்பு. நம்ம ஊர்ல தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடுற அண்ணன் மாதிரிதான். தண்ணி வராத அன்னைக்குத்தான் அவரைத் தேடுவோம்.

போன வருடம் எட்டாம் வகுப்பு செய்து வைத்த ஊர் வரைபடம் கணினி அறையில் காணாமல் போனது ஞாபகம் இருக்கும். இரண்டு மாத வேலை. யார் அழித்தது என்று பெரிய சண்டை. கண்டுபிடிக்கவே முடியவில்லை, ஏன்னா எல்லாரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில்தான் உள்ளே நுழைகிறோம். அந்தப் பெயருக்கோ எதையும் அழிக்கும் அதிகாரம் இருக்கிறது. சாவியை வாசல்லயே தொங்கவிட்டுட்டு திருடனைத் தேடின கதைதான்.

அதனால் முதல் பாடம், ஆளுக்கு ஒரு கணக்கு. இதைப் பழக மூலையில் இருக்கும் பழைய கணினி போதும். அதில் யாருடைய வேலையும் இல்லை, கெட்டாலும் நஷ்டமில்லை. அதில் இருப்பது லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது, இலவசம். அதில் சர்வ அதிகாரமும் உள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். தினசரி வேலைக்கு ரூட்டில் நுழையவே கூடாது.

அடுத்தது அனுமதி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இது கணக்குப் பாடம்! பார்க்க 4, மாற்ற 2, நுழைய 1. இந்த மூன்றையும் எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை இரண்டு முறை வராது. 5 என்றால் 4+1 தான், வேறு வழியே இல்லை. ஒவ்வொரு கோப்புறைக்கும் மூன்று இலக்கம் உண்டு. முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். ஆளுக்கு ஒரு கணக்கு கொடுத்து, வரைபடக் கோப்புறைக்கு 775 போட்டிருந்தால், செய்த குழு மட்டும் சேர்க்கலாம், அழிக்கலாம். மற்றவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதுவும் போதாது, நகல் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில், இரவு வரை வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை வேறு சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிச்சம். நகல் எடுக்க பல ஏற்பாடுகள் இருந்தன. அவசரத்துக்குத் திறந்து பார்த்தால் ஒன்றும் சரியாக உதவவில்லை! வேறு ஒரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இடையில் பதிவானது போனது போனதுதான். ஆனால் அவர்கள் எதையும் மறைக்காமல் நடந்ததை ஊரறிய எழுதினார்கள். பெரிய மனசு.

ஆகவே பென் டிரைவில் நகல் எடுத்தால், அதை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல். பென் டிரைவை அதே அறையில் வைக்காதீர்கள், மழைக்கு ஒழுகும் அறை என்பது எல்லாருக்கும் தெரியும். தலைமை ஆசிரியர் அறை பீரோ நல்லது.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, கணினி எண், என்ன மாற்றினோம், யார் மாற்றினோம் என்று நான்கு கட்டம் போட்டு கணினி அறை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பேனா நூலில் கட்டியிருக்கு, யாரும் எடுத்துட்டுப் போயிடாதீங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி