பூட்டு ஈஸி, சாவிதான் வேலை: உங்க பணக் கணக்கு ஃபைலை நீங்களே என்க்ரிப்ட் பண்ணுங்க



நாங்க நாலு பேர் ஒகேனக்கல் போயிருந்தோம். பென்னாகரம் தாண்டினதுமே ரூம் புக் பண்ணின இடத்துல இருந்து போன். "ஆதார் காப்பி அனுப்பிடுங்க சார்." என் ஃப்ரெண்டு உடனே இ-ஆதார் பி.டி.எஃப். ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பினான். அடுத்த மெசேஜ்லயே பாஸ்வேர்டையும் அனுப்பினான். கேட்டா, "என்க்ரிப்ட் ஆன ஃபைல்தானே, சேஃப்"ன்னு பதில்.

பீரோவைப் பூட்டிட்டு சாவியை அதுலயே தொங்க விடுறது மாதிரிதான் இது. சம்பளம் வாங்குற நம்மில் பலரும் பே ஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட்னு எல்லாத்தையும் இப்படித்தான் அனுப்பிட்டிருக்கோம். என்க்ரிப்ஷன் உள்ளே என்ன நடக்குதுன்னு ஒரு தடவை நாமளே எழுதிப் பார்த்தா, இந்தத் தப்பு திரும்ப வராது. கோடிங் தெரியாதவங்களும் முதல் ரெண்டு பகுதியைப் பேப்பர், பேனாவோட படிக்கலாம்.

1. பேப்பர்லயே ஒரு என்க்ரிப்ஷன்

பூட்டவும் திறக்கவும் ஒரே சாவின்னா அது சிமெட்ரிக் என்க்ரிப்ஷன். தமிழ்ல சமச்சீர் குறியாக்கம்.

மறைக்க வேண்டிய எண் 4827, சாவி 3951-ன்னு வச்சுக்குவோம் (ரெண்டும் சும்மா ஒரு உதாரணம்தான், உங்க உண்மையான பின் எண்ணை வச்சு விளையாடாதீங்க). ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியா கூட்டுங்க. பத்து அல்லது அதுக்கு மேல வந்தா பத்தைக் கழிச்சிடுங்க.

4+3=7. 8+9=17, அதாவது 7. 2+5=7. 7+1=8. கிடைக்கிறது 7778.

திறக்கணும்னா சாவியைக் கழிக்கணும். கழித்தல்ல மைனஸ் வந்தா பத்தைச் சேர்த்துக்குங்க. திரும்ப 4827 வரும். பைத்தான்ல ஒரு லூப், ஒரு கூட்டல், பத்தால வகுத்த மீதி, அஞ்சாறு வரியில முடிஞ்சிடும்.

2. இப்ப நாமளே உடைப்போம்

அதே சாவியை வச்சு இன்னொரு எண், 6140-ஐயும் பூட்டுவோம். வர்றது 9091.

திருடன் கையில சாவி இல்லை. 7778, 9091 ரெண்டு மட்டும் இருக்கு. ரெண்டாவதுல இருந்து முதலாவதை இலக்கம் இலக்கமா கழிக்கிறான். வர்றது 2323. உண்மையான எண்கள் ரெண்டையும் (6140, 4827) அதே மாதிரி கழிச்சுப் பாருங்க. அதுவும் 2323! சாவி காணாமலே போயிடுச்சு. ஒரு எண் எப்படியோ தெரிஞ்சுட்டா, அடுத்ததைக் கூட்டியே கண்டுபிடிச்சிடலாம்.

இதனாலதான் நல்ல என்க்ரிப்ஷன்ல ஒவ்வொரு தடவையும் சாவியோட புதுசா ஒரு ரேண்டம் எண்ணும் சேரும். அதே ஃபைலை ரெண்டு தடவை பூட்டினாலும் ரெண்டு விதமா வரும். நாமளே கண்டுபிடிச்ச முறையை நம்பி பணத் தகவலை வைக்கக் கூடாதுங்கறதுக்கும் காரணம் இதுதான். எழுதினவனுக்குத் தெரியாத ஓட்டை எங்கேயாவது இருக்கும்.

3. உண்மையான பூட்டு: ஏ.இ.எஸ்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ரெண்டு பேர், யோன் டாமன், வின்சென்ட் ரைமன். இவங்க உருவாக்கின முறையை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் பொதுப் போட்டி வச்சுத் தேர்ந்தெடுத்து, 2001-ல ஏ.இ.எஸ். என்ற பேர்ல தரநிலையா வெளியிட்டது. 128 பிட் துண்டு துண்டா எடுத்து, 128 பிட் சாவின்னா 10 சுற்று, 256 பிட் சாவின்னா 14 சுற்று கலக்கும். செய்முறை ரகசியம் இல்லை, யார் வேணா படிக்கலாம். ரகசியம் சாவி மட்டும்தான்.

இதை முழுசா நீங்க எழுத வேண்டாம். பைத்தான்ல 'கிரிப்டோகிராஃபி' நூலகத்தைப் போட்டுக்குங்க. அதுல 'ஃபெர்னெட்'னு ஒரு பகுதி இருக்கு. ஏ.இ.எஸ்.-128 பூட்டோட, ஃபைலை யாராவது திருத்தினாங்களான்னு பார்க்கிற முத்திரையும் சேர்ந்தே வரும். உங்க புரோகிராம் இந்த வரிசையில இருக்கட்டும்:

அ) 16 பைட் ரேண்டம் எண் ஒண்ணு எடுங்க. இதுக்கு 'சால்ட்'னு பேர். ஆப்பரேட்டிங் சிஸ்டம் தர்ற ரேண்டமா இருக்கணும். விளையாட்டு புரோகிராம்ல போடுற சாதாரண ரேண்டம் வேண்டாம்.

ஆ) பாஸ்வேர்டையும் சால்ட்டையும் 'பி.பி.கே.டி.எஃப்.2' என்ற ஃபங்ஷன்ல கொடுத்து, குறைஞ்சது 6 லட்சம் சுற்று ஓட்டி, 32 பைட் சாவி வாங்குங்க. அதை பேஸ்64-ஆ மாத்தினா ஃபெர்னெட் ஏத்துக்கும்.

இ) ஃபைலைப் பூட்டுங்க. சால்ட்டை முன்னாடி வச்சு, பூட்டின தகவலைப் பின்னாடி சேர்த்து சேமிங்க. சால்ட் வெளியே தெரிஞ்சா பரவாயில்லை.

ஈ) திறக்கும்போது முதல் 16 பைட்டைப் பிரிச்சு, அதே வழியில சாவி செஞ்சு திறங்க. பாஸ்வேர்டு தப்புன்னாலும், ஃபைல்ல ஒரு எழுத்து மாறினாலும் 'இன்வேலிட் டோக்கன்'னு நின்னுடும்.

உ) ஒரு தடவையாவது வெற்றிகரமா திறந்து பார்த்த பிறகுதான் ஒரிஜினலை அழிங்க. இந்த வரியைத் தாண்டிப் போயிடாதீங்க!

4. இப்ப சாவிக்கு வருவோம்

ஃபார்ம் 26ஏ.எஸ். பி.டி.எஃப். பாஸ்வேர்டு உங்க பிறந்த தேதி. ஏ.ஐ.எஸ். அறிக்கைக்கு பான் எண்ணும் பிறந்த தேதியும். இ-ஆதாருக்குப் பேரோட முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்.

கணக்குப் போடுவோம். நூறு வருஷத்துல பிறந்த தேதிகள் மொத்தம் சுமார் 36,500தான். நொடிக்கு 1,000 முயற்சின்னு வச்சாலும் 37 நொடியில முடிஞ்சுது. நாம மேல சொன்ன 6 லட்சம் சுற்றால ஒரு முயற்சிக்கு கால் நொடி ஆகுதுன்னு வச்சுக்குங்க. அப்பவும் ரெண்டரை மணி நேரம்தான். இ-ஆதார் இன்னும் மோசம். உங்க பேர் தெரிஞ்சவனுக்கு நூறு முயற்சி போதும்.

"ஏ.டி.எம். பின் வெறும் 10,000 தானே, அது மட்டும் எப்படி சேஃப்?"னு கேட்கலாம். தப்பா மூணு தடவை போட்டா கார்டு முடங்கிடும், அதனால. ஆனா அடுத்தவன் கையில போன ஃபைலுக்கு முடங்கத் தெரியாது. அவன் எத்தனை தடவை வேணா முயற்சி பண்ணலாம்.

தீர்வு எளிது. 7,776 சொற்கள் கொண்ட 'டைஸ்வேர்' பட்டியல்ல இருந்து, பகடை உருட்டி ஆறு சொல் எடுங்க. வாய்ப்புகளோட எண்ணிக்கை 24 இலக்கத்துக்குப் போயிடும். கூட்டு வட்டி மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு சொல்லுக்கும் 7,776 மடங்கு பெருகும்.

உடனே செய்ய வேண்டியது ரெண்டு. ஃபைல் வாட்ஸ்அப்ல போனா பாஸ்வேர்டை போன்ல சொல்லுங்க. ரூம் எடுக்கும்போது, முதல் எட்டு இலக்கம் மறைச்ச 'மாஸ்க்டு ஆதார்' போதுமான்னு கேளுங்க.

5. சாவி தொலைஞ்சா?

அன்னைக்கு மத்தியானம் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு பரிசல்ல உட்கார்ந்தோம். பாறைகளுக்கு நடுவுல பரிசல்காரர் ஒரு சுத்து சுத்தினார். வயித்தைப் புரட்டிச்சு. அப்ப அதே ஃப்ரெண்டு என்னைக் கேட்டான்: "நீ டேர்ம் பாலிசி, பி.எஃப். எல்லாத்தையும் லாக் பண்ணி வச்சிருக்கியே, பாஸ்வேர்டு வீட்ல யாருக்காவது தெரியுமா?"

தெரியாது. என் தலைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. எனக்கு ஏதாவது ஆனா ஒரு கோடி ரூபாய் பாலிசி இருக்கிறதே அம்மாவுக்குத் தெரியாது. காலையில அவனைப் பார்த்துச் சிரிச்சேன். என் தப்பு அவனோடதை விடப் பெருசு.

ஏ.இ.எஸ்.ஸுக்கு 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்' பட்டன் கிடையாது. அதனால வீட்டுக்கு வந்ததும் நான் செஞ்சது இதுதான். பேங்க் கணக்கு, யு.ஏ.என்., பாலிசி எண், நாமினி, கடன் விவரம் மட்டும் ஒரு ஃபைல்ல எழுதினேன் (பின், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு அதுல இல்லை). நான் எழுதின புரோகிராமை அம்மாவால ஓட்ட முடியாது. அதனால வீட்டுப் பிரதியை பி.டி.எஃப். ஆக்கி, ஆறு சொல் பாஸ்வேர்டு வச்சேன். ஃபைல் தங்கச்சி மெயில்ல. பாஸ்வேர்டு ஒட்டின கவர்ல, அம்மா பீரோவுல. ரெண்டும் ஒரே இடத்துல இல்லை. தங்கச்சியை ஒரு தடவை திறக்கச் சொல்லியும் பார்த்துட்டேன்.

இந்த வார ஹோம்வொர்க்: பேப்பர்ல ஒரு எண்ணைப் பூட்டித் திறங்க. ஃபெர்னெட்ல ஒரு டம்மி ஃபைலைப் பூட்டிப் பாருங்க. அப்புறம் வீட்ல ஒருத்தர்கிட்ட, "எனக்கு என்னென்ன பாலிசி இருக்கு, தெரியுமா?"ன்னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு வீடியோ கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!