பாடம்: ஐந்து ஆறு தாண்டி ஒரு நாள் நடை



இந்த மாதப் பாடம் சேமிப்பு பற்றியும் இல்லை, கடன் பற்றியும் இல்லை. நடப்பது பற்றி!

"வயலுக்கு நடக்கிறோம், ரேஷன் கடைக்கு நடக்கிறோம், பேங்குக்கு நடக்கிறோம். இன்னும் என்னங்க நடை?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நடை எல்லாம் வேலைக்கான நடை. நமக்காக, ஊர் பார்த்துக்கொண்டு, நாலு பேரோடு சிரித்துப் பேசி நடந்தது எப்போது என்று திருப்பிக் கேட்டோம். யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பாட்டி மட்டும், "சின்னப் புள்ளையில ஏழூர் பல்லக்குப் பின்னாடி நடந்தேன்" என்றார். அதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

ஏழூர் என்பது எது?

திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்ற நெய்த்தானம். இவைதான் ஏழூர். ஒவ்வொரு சித்திரையிலும் பௌர்ணமியை ஒட்டி திருவையாற்றுப் பல்லக்கு இந்த ஊர்களைச் சுற்றி வரும். கூடவே ஜனங்களும் நடப்பார்கள். வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கிடைக்கும்.

ஊர்ப் பெயர்களிலேயே நம்ம நாட்டின் விவசாயம் இருக்கிறது. பழனம் என்றால் பழம் என்று சொல்வார்கள். பழந்தமிழில் அதற்கு வயல் என்று பொருள். துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டு. சோறும் நெய்யும் பூவும் பெயரிலேயே வந்துவிட்டன.

போவது எப்படி?

திருவிழாக் கூட்டத்தில்தான் போகவேண்டும் என்பதில்லை. தை, மாசியில் வெயில் குறைவு, சம்பா அறுவடையும் பார்க்கலாம். ஏழு ஊரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பஸ்ஸில் பாதி, நடையில் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

*முதல் நடை:* தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பஸ்ஸில் ஏறி கண்டியூரில் இறங்கவும். அங்கிருந்து திருவையாறு சுமார் 3 கி.மீ. மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரம்தான். புஷ்ய மண்டபப் படித்துறையில் கட்டுச்சோறு சாப்பிட்டு, தெம்பு இருந்தால் இன்னும் 2 கி.மீ. மேற்கே தில்லைஸ்தானம் போகலாம்.

*இரண்டாம் நடை:* கண்டியூரிலிருந்து மேற்கே சுமார் 3 கி.மீ. நடந்தால் திருப்பூந்துருத்தி.

*மூன்றாம் நடை:* கண்டியூரிலிருந்து கிழக்கே சோற்றுத்துறை சுமார் 4 கி.மீ. வயல் பார்த்துக்கொண்டே போகலாம்.

அரசு டவுன் பஸ்களில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகும் திட்டம் 2021 மே மாதம் வந்தது. எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. ஏறும் முன் போர்டைப் பார்த்து கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

பாலத்தில் கேட்ட கேள்வி

நாங்கள் பதினாலு பேர் போனோம். தஞ்சாவூரிலிருந்து போகும்போது பஸ்ஸிலேயே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு தாண்டிவிடும். கண்டியூருக்கு அப்புறம் குடமுருட்டியையும் காவிரியையும் நடந்தே தாண்டினோம். குடமுருட்டிப் பாலத்தில் ஒரு அக்கா நின்றுவிட்டார். பன்னிரண்டு வயசிலிருந்து நடவு நட்டவர். "இத்தனை ஆறு இருக்கே, நம்ம வயலுக்கு வர்றது எந்தத் தண்ணி?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை! நாப்பது வருஷம் அந்தத் தண்ணியில் நின்றவருக்கு, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் காட்டவில்லை.

வந்து விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அதிகப்படி வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகும். குடமுருட்டி, திருக்காட்டுப்பள்ளி பக்கம் காவிரியிலிருந்து பிரிகிறது. வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகின்றன. ஆக நாம் தாண்டிய ஐந்து ஆறும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். அந்த அக்காவின் வயலுக்கு வருவது வெட்டாற்றுத் தண்ணீர். அடுத்த நடை கல்லணைக்கு என்று அன்றே முடிவு செய்தோம்.

ஒரு பெண் எழுப்பிய இடம்

திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி இருக்கிறது. கவனிப்பாரில்லாமல் கிடந்த அந்த இடத்தில், பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொந்தச் சொத்தைப் போட்டு 1920-களில் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாட அப்போது அனுமதி இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். இன்று பெண்களும் சரிசமமாக உட்கார்ந்து பாடுகிறார்கள். 1952-ல் காலமான அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. பெண்கள் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் குழுக்களுக்கு முன்னாலேயே ஒரு சாட்சி!

கவனிக்க வேண்டியவை

1. ஆறு பேருக்குக் குறையாமல் போகவும். யாரும் தனியே பின்தங்க விடக்கூடாது.
2. திருவையாறு ரோட்டில் வண்டி அதிகம். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கவும்.
3. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது படித்துறையில் பாசி வழுக்கும். கீழ்ப்படிக்கு இறங்க வேண்டாம்.
4. கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே விசாரிக்கவும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.
5. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்.
6. திரும்பும் பஸ் நேரத்தைக் காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளவும்.
7. செலவு அவரவர் சொந்தப் பணத்தில். குழுப் பணத்தைத் தொடக்கூடாது.

வீட்டில் என்ன சொல்வது?

இதுதான் பலருக்குப் பெரிய மலை. "கோயிலுக்குப் போறேன்" என்றால் விடுவார்கள், "சும்மா நடக்கப் போறேன்" என்றால் விடமாட்டார்கள். பொய் சொல்ல வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உடம்புக்கு வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதைச் சொல்லலாம். அதைவிட, "எனக்கும் ஒரு நாள் வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பதினாலு பேரில் மூன்று பேர் முதல் தடவையாக அப்படிச் சொன்னவர்கள். ஒருவர் வீட்டில் அன்று மாமியார் சோறாக்கினார். இன்னொருவருக்குத் திட்டு விழுந்தது. அவரும் அடுத்த நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

குழுக் கூட்டத்தில் பேச

* நம் வயலுக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த வாய்க்கால் வழியாக வருகிறது?
* நம் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் நடந்து பார்க்கக்கூடிய இடங்கள் மூன்று சொல்லுங்கள்.
* கடைசியாக உங்களுக்காக மட்டும் வெளியே போனது எப்போது?

மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்லும்வரை கூட்டத்தை முடிக்காதீர்கள்.