மண்ணுக்கு ஒரே எண் போதாது

புதைகுழாய் ஸ்ட்ரெஸ் கணக்கில் அதிகமாகக் காசைக் கரைக்கும் தவறு என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: மண்ணின் பிடிப்புக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, "உறுதியான மண்ணாகவே எடுத்திருக்கிறோம், பாதுகாப்பான பக்கம்தான்" என்று கோப்பை மூடுவது. மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். சீசர்-2 மென்பொருளில் விட்டம், தடிமன், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்து, எந்த நோடிலிருந்து எந்த நோடுவரை குழாய் மண்ணுக்குள் போகிறது என்று குறித்தால் போதும். எல்போவுக்கு அருகே குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, மண்ணுக்குப் பதிலாக ஸ்பிரிங் வைக்கும் வேலையை அதுவே செய்துகொள்ளும். அந்த ஸ்பிரிங்கின் வலிமையைத் தீர்மானிக்கும் மண் எண்களை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும்.

கையால் போடக்கூடிய கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 508 மி.மீ. வெளிவிட்டமும் 9.5 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுக் குழாய், மூடியபோது இருந்ததைவிட 50 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிறது. அழுத்தத்தை விட்டுவிட்டாலும், வெப்பம் மட்டுமே நீளவாக்கில் ஏறக்குறைய 180 டன் விசையை எழுப்பும். இந்த விசையை மண்ணின் உராய்வு மீட்டர் மீட்டராகத் தின்று தீர்க்க வேண்டும். அமெரிக்கன் லைஃப்லைன்ஸ் அலையன்ஸ் 2001இல் வெளியிட்ட வழிகாட்டியில், மண்ணின் உராய்வுக் கோணத்தைக் கோட்டிங்குக்கு ஏற்பக் குறைக்கும் குணகம் இருக்கிறது: கோல்தார் பூச்சுக்கு 0.9, எஃப்.பி.இ. எபாக்சிப் பூச்சுக்கு 0.6. உராய்வுக் கோணம் 30 டிகிரி, மையத்தின் ஆழம் 1.25 மீட்டர், கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடையுள்ள மணல் என்று வைத்துக்கொண்டால், முதல் பூச்சில் குழாய் அசையாமல் நிற்க 131 மீட்டர் தேவை. தடுக்காமல் விட்ட முனை 38 மி.மீ. நகரும். இரண்டாவதில் 206 மீட்டர், 60 மி.மீ. பூச்சு ஒன்று மாறியதற்கே இந்த வித்தியாசம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறினால் மண்ணின் பயனுறு எடை ஏறக்குறைய பாதியாகிறது, 60 மி.மீ. நூறைத் தாண்டிவிடும். பிடிப்பைக் கூட்டி எடுப்பது பாதுகாப்பு என்பவர்கள் இந்த இடத்தில் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

இது ஏன் கண்ணில் படுவதில்லை? முழுவதும் கட்டுண்ட நடுப்பகுதியில் வெப்பத்தால் வரும் தகைவு, எஃகின் மீட்சிக் குணகம், விரிவுக் குணகம், வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கல். நம் குழாயில் அது சுமார் 121 மெகாபாஸ்கல். அந்தச் சூத்திரத்தில் மண்ணே கிடையாது. எந்த மண்ணைப் போட்டாலும் நடுவில் அதே எண்தான் வரும், விதிமுறை அனுமதிக்கும் எல்லைக்குள்ளேதான் நிற்கும். ரிப்போர்ட்டில் தகைவு விகிதத்தை மட்டும் பார்த்து, சிவப்பு இல்லை என்றதும் கையெழுத்துப் போடுகிற மேலாளருக்கு, குழாய் தரைக்கு மேலே வரும் இடத்தில் பம்ப் நாசிலை எத்தனை மி.மீ. தள்ளப்போகிறது என்பது தெரியவே தெரியாது. நாசில் கசிந்த பிறகு மென்பொருளைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மண் அறிக்கையில் ஒரே மதிப்புதானே இருக்கிறது என்பார்கள். அந்த அறிக்கை பெரும்பாலும் அடித்தளத்துக்காகத் துளையிட்டு எடுத்தது. அது சொல்வது இயற்கை மண்ணை. குழாயைத் தொட்டுக்கொண்டிருப்பதோ பள்ளத்தில் கொட்டிய பேக்ஃபில். சுற்றிலும் கரிசலாக இருந்தாலும் குழாயைச் சுற்றி மணல்தான் போட்டிருப்பார்கள். இரண்டு முறை ஓட்ட நேரமில்லை என்பதும் வெறும் சாக்கு: மாதிரி தயாரானபின் மண் எண்களை மாற்றி மறுபடி ஓட்டுவது சின்ன வேலை. முனையில் ஆங்கர் பிளாக் கட்டிவிட்டால் கவலையில்லை என்ற வாதம் கொஞ்சம் வலுவானது. ஆனால் அசையவே விடாத பிளாக் அந்த 180 டன்னையும் தாங்க வேண்டும், அந்தக் கான்கிரீட்டைத் தாங்கி நிறுத்துவதும் அதே மண்தான். மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் தப்பிக்க அங்கேயும் வழியில்லை.

ஆகவே குறைந்த பிடிப்பு, கூடிய பிடிப்பு என இரண்டு மண்ணை வைத்து ஓட்டுங்கள். முனை நகர்வையும் நாசில் சுமையையும் முதலாவது ஆளும். எல்போவில் நீளவாக்கில் தளர்ந்த மண்ணும் பக்கவாட்டில் இறுகிய மண்ணும் சேரும்போது எது மோசம் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கோட்டிங் எது, பேக்ஃபில் எது, நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் நீங்கள் வைத்த அனுமானத்தை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். தகைவு அட்டவணைக்கு முன்னால் நகர்வு அட்டவணையை வையுங்கள். அதைப் படிக்காமல் யாராவது கையெழுத்துப் போட்டால், பிறகு வரும் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.